இரண்டு பேர் அடித்த அட்டை

போன வெள்ளிக்கிழமையோடு எங்கள் அலுவலகத்தின் ஜப்பான் பிரிவை மூடிவிட்டார்கள். தாம்பரம் சானடோரியத்தில், ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருக்கும் இரண்டாவது மாடி எங்களுடையது. எனக்கு வயது இருபத்தொன்பது. ஓய்வு பெற்றவள் என்று சொல்லிக்கொண்டால் சிரிப்பார்கள். ஆனால் ஏழு வருடம் நான் செய்த வேலையை இனி ஆள் வைத்துச் செய்யப்போவதில்லையாம்; ஜப்பானிலேயே நேராகக் கணினியில் ஏற்றிக்கொள்கிறார்களாம். வேலையே ஓய்வு பெற்ற பிறகு அதைச் செய்தவளை வேறு எப்படிச் சொல்வது?

கீழ் மாடியில் ஆங்கிலப் பதிவுக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்கள் படியில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "அக்கா, ஒரு வார்த்தை பேசத் தெரியாம எப்படிக்கா ஜப்பான்ல டைப் அடிச்சீங்க?"

"ஜப்பான்ல அடிக்கல, சானடோரியத்துலதான் அடிச்சேன்" என்று சொல்லிச் சமாளித்துவிட்டு வந்தேன். உட்கார்ந்து யோசித்தால் பதில் கொஞ்சம் நீளமானது.

எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. அப்பா ஈஞ்சம்பாக்கம் குப்பத்திலிருந்து கடலுக்குப் போகிறவர். அம்மா ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் மீன் விற்கிறவள். பள்ளிக்கூட மதிப்பெண் அட்டையில் அம்மா கட்டைவிரல் ரேகை வைத்ததும், அதற்குப் பக்கத்தில் அவள் பெயரை நானே எழுதிவிடுவேன். பிளஸ் டூ முடித்து, தபாலில் பி.காம். படித்துக்கொண்டே கிழக்குத் தாம்பரத்தில் தட்டச்சுப் பழகி, ஆங்கிலம் ஹையர், தமிழ் லோயர் இரண்டிலும் முதல் வகுப்பில் தேறினேன். அந்தச் சான்றிதழ்களைப் பார்த்துத்தான் வேலை கொடுத்தார்கள். மூன்று மாதம் பயிற்சி. முடித்தவர்களில் பாதிப் பேர் ஓடிவிட்டார்கள். நான் ஓடவில்லை.

மூன்று மொழியிலும் அடித்தவள் என்ற முறையில் ஒன்று சொல்லலாம். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு கட்டை. விரல் போய்க்கொண்டே இருக்கும், மனசு வேறு எங்காவது இருக்கலாம். தமிழ் டைப்ரைட்டரில் 'க்' வேண்டுமென்றால் புள்ளியை முதலில் அடிக்க வேண்டும். உருளை நகராமல் நிற்கும். அதன் கீழே ககரத்தை அடிக்க வேண்டும். 'கொ' என்றால் கொம்பு, க, கால் என்று மூன்று அடி. வாய் சொல்லும் வரிசை வேறு, கை போகும் வரிசை வேறு. ஆனாலும் இரண்டு மொழியிலும் அடித்தால் அடித்ததுதான்.

ஜப்பானியத்தில் மூன்று வகை எழுத்து ஒரே வரியில் கலந்து வரும். இரண்டு வகை நம் உயிர்மெய் மாதிரி, க, கி, கு என்று ஒலிக்கு ஒன்று. இருநூற்று நாற்பத்தேழு எழுத்தைக் கற்ற நமக்கு அது பெரிய பாரமில்லை; இரண்டு வாரத்தில் வந்துவிட்டது. மூன்றாவது வகை சித்திரம் போன்ற எழுத்து. ஆயிரக்கணக்கில் இருக்கும். அவற்றுக்கெல்லாம் யார் கட்டை வைப்பது? ஒலியை ஆங்கில எழுத்தில் அடித்து இடைவெளிக் கட்டையைத் தட்டினால், அந்த ஒலியுள்ள சித்திரங்கள் பட்டியலாக விழும். ஜப்பானிலிருந்து வரும் கையெழுத்து அட்டையில் இருப்பது அவற்றில் எது என்று பார்த்து எடுக்க வேண்டும். தமிழிலும் ஆங்கிலத்திலும் கட்டைகளைப் பார்க்காமல் அடிப்பதுதான் கெட்டிக்காரத்தனம். இங்கே கண்ணை எடுத்தால் போயிற்று.

இது புரியாமல் முதல் மாதம் நாங்கள் பட்டியலில் எத்தனையாவது என்ற எண்ணை மனப்பாடம் செய்துகொண்டோம். கணினியோ யார் கடைசியாக எதை எடுத்தார்களோ அதை முதலில் கொண்டுவந்து வைக்கும். ஒரு திங்கட்கிழமை வேறொருத்தி உட்கார்ந்து எழுந்த இடத்தில் நான் உட்கார்ந்தேன். அன்று மதியம்வரை என் அட்டைகளில் ஆறு என்ற எழுத்தெல்லாம் தோல் என்று விழுந்திருந்தது. இரண்டுக்கும் ஒலி ஒன்றுதான்.

அதற்குப் பிறகு நோட்டுப் போட்டேன். கட்டம் போட்ட கணக்கு நோட்டு. ஒரு கட்டத்தில் சித்திரம், அடுத்ததில் அதற்கு நான் வைத்த பெயர், அதற்கடுத்து அடிக்க வேண்டிய ஒலி. வயலுக்கான எழுத்து எனக்கு 'ஜன்னல்'. வாசலுக்கானது 'சலூன் கதவு'. கூடாரம் போட்டது, குடை பிடித்தது, காலை அகட்டி நிற்பது என்று அறுபது பக்கம் வந்தது. பொழிச்சலூரிலிருந்து வரும் ஜமுனா என்னோடு பயிற்சி பெற்றவள். முதலில் கிண்டல் செய்தாள்.

"இன்னாடி தேவி, எழுத்துக்கெல்லாம் பட்டப்பேரு வச்சுகினு கீற. கல்யாணம் எப்போ பண்ணி வைக்கப் போற?"

அடுத்த வாரம் அவளே நோட்டை வாங்கிக்கொண்டு போய் ஜெராக்ஸ் எடுத்தாள். பிறகு ஒவ்வொருத்தியாக எடுத்தார்கள். ஆறு மாதத்தில் மாடி முழுக்க என் கையெழுத்து. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அடையாள அட்டை வருவதற்கு முன்னால் என் நோட்டின் நகல் வந்துவிடும். எனக்கு அதில் எவ்வளவு பெருமை என்று சொல்ல வேண்டியதில்லை.

வேலை இதுதான். ஜப்பானில் மண்ணெண்ணெய் ஹீட்டர் வாங்குகிறவர்கள் உத்தரவாத அட்டையில் பெயரும் முகவரியும் கையால் எழுதி அனுப்புவார்கள். அதன் படம் எங்கள் திரைக்கு வரும். ஒவ்வொரு அட்டையையும் இரண்டு பேர் தனித்தனியாக அடிக்க வேண்டும். ஒருத்தி தெற்கு அறை, இன்னொருத்தி வடக்கு அறை. எனக்கு ஜோடி ஜமுனா. இருவர் அடித்ததையும் ஒரு மென்பொருள் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். வித்தியாசம் இருந்தால் தரம் பார்க்கும் பத்மா மேடத்திடம் போகும். இல்லையென்றால் நேரே ஜப்பானுக்கு. இரண்டு பேர் ஒரே இடத்தில் ஒரே மாதிரி தவறமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் நடந்த தொழில் அது.

எழுத்து புரியவில்லையென்றால் ஊகிக்கக் கூடாது. அந்த இடத்தில் 〓 என்ற குறியைப் போட்டு, ஜப்பானுக்குக் கேட்டு அனுப்பும் கேள்வித்தாளில் அட்டை எண்ணை எழுதி வைக்க வேண்டும். அந்தக் குறி அந்த ஊர் மரச்செருப்பின் அடித்தடமாம். அந்தக் காலத்தில் அச்சுக் கோக்கும்போது கைவசம் இல்லாத எழுத்தின் இடத்தில் வேறொன்றைத் தலைகீழாகச் சொருகுவார்களாம். அதன் அடிப்பாகம் இப்படி இரண்டு கோடாக விழுமாம். மேடம் சொன்னது. யார் எத்தனை 〓 போட்டார்கள் என்று தினமும் பலகையில் எழுதுவார்கள். ஜமுனா அதற்கு வைத்த பெயர் செருப்படி.

"நேத்து எனக்கு நாலு செருப்படி. உனுக்கு?"

"பூஜ்யம்."

"எப்பவும் பூஜ்யம்தானா? மனுஷியா நீ?"

இரண்டாவது வருடம் முழுக்க என் பெயருக்கு எதிரே பூஜ்யம்தான்.

பத்மா மேடம் ராஜகீழ்ப்பாக்கத்தில் குடியிருந்தார். எங்கள் மாடியில் ஜப்பானியம் கொஞ்சமாவது படித்தவர் அவர் ஒருவர்தான். குரலை உயர்த்தமாட்டார். 'தப்பு' என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. சந்தேகமான அட்டையை அச்செடுத்து, தலைகீழாகத் திருப்பி மேசைமேல் வைப்பார். வரிக்குக் கீழே மரஸ்கேலை வைத்து ஒவ்வோர் எழுத்தாக நகர்த்துவார். நேராக வைத்தால் எதிர்பார்ப்பதுதான் தெரியும், தலைகீழாக வைத்தால்தான் இருப்பது தெரியும் என்பார். பிறகு அடித்தவளைக் கூப்பிட்டு, "இத கொஞ்சம் பாக்கறீங்களா?" என்று ஸ்கேலை அவள் பக்கம் தள்ளுவார். என் பக்கம் அது அதிகம் நகர்ந்ததில்லை. மூன்றாவது வருடம், அடுத்த மாதத்திலிருந்து நீதான் டீம் லீடர் என்று அவரே என்னிடம் சொன்னார்.

அந்த வாரத்தில்தான் அந்த அட்டை வந்தது.

எழுதியவர் பொறுமைசாலி. அச்சு மாதிரி கையெழுத்து. தெருப்பெயரில் ஒரு பறவை, அதே வரியில் கட்டடத்தின் பெயரில் இன்னொரு பறவை. நோட்டில் இருந்தபடி இரண்டையும் ஒரே ஒலியில் அடித்தேன். அடித்துவிட்டு அடுத்த அட்டைக்குப் போக விரலை எடுத்தபோது கண் திரும்பி வந்தது. இரண்டாவதில் தலைக்குள்ளே ஒரு சின்னக் கோடு இருந்தது. முதலாவதில் இல்லை. முதலாவது 烏, இரண்டாவது 鳥.

மை விட்டுப்போயிருக்கும் என்று நினைத்தேன். இவ்வளவு ஒழுங்காக எழுதுகிறவர் ஒரு கோட்டை விடுவாரா? அகராதியைத் திறந்து பார்த்தேன். கோடு உள்ளது பறவை. கோடு இல்லாதது காகம். உடம்பு முழுக்கக் கறுப்பாக இருப்பதால் காகத்தின் கண் தெரியாதாம், அதனால் கண்ணுக்கான கோட்டை விட்டுவிட்டார்களாம். வேறு எழுத்து, வேறு ஒலி. என் நோட்டில் அதற்குக் கட்டமே இல்லை. 'பறவை' என்று ஒன்றுதான் போட்டிருந்தேன்.

பழைய அட்டைகளைத் தேடினேன். ஒரு பெரிய நகரத்தில் காகத்தின் பெயரில் நீளமான தெரு ஒன்று இருக்கிறது. அந்தத் தெருவிலிருந்து வந்த அட்டை ஒவ்வொன்றிலும் காகத்தைப் பறவையாக்கியிருந்தோம். நான் அடித்தவை மட்டுமல்ல. ஜமுனா அடித்தவை, வடக்கு அறை, தெற்கு அறை, எல்லாம். இருவரும் ஒரே மாதிரி அடித்ததால் ஒப்பிடும் மென்பொருள் ஒன்றிலும் வித்தியாசம் காட்டவில்லை. மேடத்தின் மேசைக்கு ஒன்றும் போகவில்லை. ஒன்றரை வருடமாக எல்லாம் நேரே போய்விட்டது.

ஹீட்டரில் ஏதாவது கோளாறு என்று தெரிந்தால், நிறுத்துங்கள் என்று கடிதம் போவது அந்த முகவரிக்குத்தான். குளிர்காலத்தில், மூடிய அறைக்குள் எரியும் நெருப்பு.

மறுநாள் காலை அம்மாவோடு ராஜகீழ்ப்பாக்கத்தில் இறங்கி, அவள் கூடையை இறக்கும்போது விஷயத்தைச் சொன்னேன்.

"யார்னா கண்டுபுட்சாங்களா?"

"இல்ல. கண்டுபிடிக்கவும் முடியாது."

"அப்பறம் நீ ஏன் வாயக் குடுக்கற? லீடரு வேலய வாங்கிக்க. அப்பறமா சொல்லிக்கலாம். நான் மார்க்கெட்டு பூரா சொல்லிட்டேன்டி."

"நவர மீன சங்கரா மீனுன்னு சொல்லி வித்தா வாங்கறவங்க சும்மா இருப்பாங்களா?"

"வித்துகீறேனே. இன்னா இப்போ? கொயம்புல போட்டா ரெண்டும் ஒண்ணுதான்." சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் மீன்மேல் தண்ணீர் தெளித்தாள். "தெரிஞ்ச வூட்டுக்கு அப்டிக் குடுக்க மாட்டேன். அது வேற."

பஸ்ஸில் தாம்பரம் வரும்வரை எனக்கு அம்மாமேல்தான் கோபம். அவள் சொன்னபடி செய்ய எனக்கு ஆசையாக இருந்தது, அதனால்தான்.

நேரே மேடத்தின் அறைக்குப் போய் அட்டையையும் நோட்டையும் வைத்தேன். அவர் அட்டையைத் தலைகீழாகத் திருப்பினார். ஸ்கேலை வைத்தார். இரண்டு எழுத்தையும் பார்த்தார். நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். சிரிப்பு வரக்கூடிய பெயர்கள் அதில் நிறைய இருந்தன. அவர் சிரிக்கவில்லை.

"இந்த நோட்டு யார் யார்கிட்ட இருக்கு?"

"எல்லார்கிட்டயும் மேடம்."

"ரெண்டு ரூம்லயும்?"

"ஆமா மேடம்."

நோட்டை மூடினார். "கஸ்டமர்கிட்ட ஒவ்வொரு கார்டையும் ரெண்டு பேர் அடிக்கறோம்னு சொல்லியிருக்கோம், தேவி. ரெண்டு பேர் அடிக்கல. எல்லாத்தையும் ஒரே ஆள்தான் அடிச்சிருக்காங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மாடி முழுக்க என் கையெழுத்து என்று நான் பெருமைப்பட்டேனே, அதைத்தான் அவர் சொன்னார்.

"இதுல வேற எத்தனை காகம் இருக்குன்னு நமக்குத் தெரியாது. அதையும் பாக்கணும். உக்காருமா" என்றார். அன்றே ஜப்பானுக்குக் கடிதம் போனது. என் பெயர் அதில் இல்லை. 'எங்கள் பயிற்சிக் குறிப்பில் இருந்த பிழை' என்று எழுதியிருந்தார்.

பிறகு ஐந்து நாள். அனுப்பியவற்றில் பறவை எங்கெல்லாம் இருக்கிறதோ அத்தனை அட்டைகளின் படத்தையும் திறந்து, கண் இருக்கிறதா இல்லையா என்று பார்த்தோம். மேடமும் எங்களோடு உட்கார்ந்தார். நோட்டின் மற்றப் பக்கங்களையும் அவர் அகராதியோடு ஒத்துப் பார்த்ததில் இன்னும் இரண்டு கட்டங்கள் அகப்பட்டன; அவற்றுக்கும் அதே வேலை. திருத்தி அனுப்பிய பிறகு அங்கிருந்து பதிலில்லை. புதிய அட்டைகளும் வரவில்லை. இரண்டு வாரம் இரண்டு அறையும் சும்மா உட்கார்ந்திருந்தன. ஜமுனாவுக்கு அந்த மாதம் வேலை நிரந்தரமாக வேண்டியது. தள்ளிப் போட்டுவிட்டார்கள். அவள் வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான்.

"உன் நோட்டு, உன் பறவ. என் வேல" என்றாள். டீ குடிக்குமிடத்தில் எல்லோர் முன்னாலும்.

"நானா ஜெராக்ஸ் எடுக்கச் சொன்னேன்?"

"எடுக்காதன்னு சொன்னியா? எடுக்க எடுக்க பல்லக் காட்டிகினு நின்னல்ல?"

உண்மைதான்.

மூன்றாவது வாரம் அட்டைகள் வந்தன. அங்கிருந்து ஒரே ஒரு வரிக் கடிதம்: 'தெரிவித்ததற்கு நன்றி, வழக்கம்போல் தொடரவும்.' அது எங்களை மன்னித்ததா, வேறு ஆள் கிடைக்கவில்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஜமுனாவை நிரந்தரமாக்க இன்னும் ஆறு மாதம் ஆனது. டீம் லீடர் வேலையை அந்த வருடம் யாருக்கும் கொடுக்கவில்லை. எனக்கு அது இரண்டு வருடம் கழித்து வந்தது. அம்மா அந்த இரண்டு வருடமும் மார்க்கெட்டில் நான் லீடர் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

மேடம் எல்லா நகல்களையும் வாங்கி, என் நோட்டோடு சேர்த்து அலமாரியில் பூட்டினார். புது விதி வந்தது. தெற்கு அறை தனக்கென்று குறிப்பு எழுதிக்கொள்ள வேண்டும், வடக்கு அறை தனக்கென்று. ஓர் அறையின் குறிப்பு மற்ற அறைக்குப் போகக் கூடாது. ஜோடியாக அடிப்பவர்கள் எழுத்தைப் பற்றித் தங்களுக்குள் பேசவே கூடாது. பலகையிலிருந்து 〓 கணக்கை அழித்துவிட்டார். நானும் ஜமுனாவும் நாலு வருடம் டீ குடிக்குமிடத்தில் பல்லாவரம் மார்க்கெட்டைப் பற்றியும், சீரியலைப் பற்றியும், அவள் அண்ணன் கொண்டுவரும் மாப்பிள்ளைகளைப் பற்றியும் பேசினோம். எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒருநாள் அவள், "நேத்து ஒரு கார்டு வந்துச்சு பாரு..." என்று ஆரம்பித்துவிட்டுத் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். நாங்கள் மறுபடி சிரித்தது அன்றைக்குத்தான்.

போன வெள்ளிக்கிழமை கடைசிக் கட்டு வந்தது. கடைசி அட்டையை அடிக்கும் பொறுப்பை மேடம் எனக்கும் ஜமுனாவுக்கும் கொடுத்தார். நான் தெற்கு, அவள் வடக்கு. பெயர் எழுதிய இடத்தில் தண்ணீர் பட்டு ஓர் எழுத்து கலங்கியிருந்தது. அது பறவையும் இல்லை, காகமும் இல்லை. அந்த ஊரில் பாதிப் பேரின் பெயரில் வரும் சாதாரண எழுத்து. எனக்கு நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு தெரியும். இரண்டாவது வருடத் தேவியாக இருந்தால் யோசிக்காமல் அடித்திருப்பாள். நான் அச்செடுத்துத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன். பாக்கிப் பத்துப் பங்கு வரவில்லை. 〓 போட்டேன். அதுதான் என் கடைசி அடி.

கொஞ்ச நேரத்தில் மேடம் இருவரையும் கூப்பிட்டார். ஒப்பிட்ட தாள் மேசைமேல் இருந்தது. வித்தியாசம் எதுவும் இல்லை. வடக்கிலும் அதே இடத்தில் 〓.

ஜமுனா எட்டிப் பார்த்தாள். "அடிப்பாவி, கடசி நாளும் நம்ப ரெண்டு பேருக்கும் செருப்படியா?"

மேடம் ஸ்கேலை எடுத்து இழுப்பறையில் வைத்து மூடினார். பிறகு கேள்வித்தாளில் அட்டை எண்ணை எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார்.

"இது ரெண்டு பேர் அடிச்சது" என்றார்.